வெட்டுபவள் ஒருத்தி, எடுப்பவள் ஒருத்தி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை எழுத எனக்கு அனுமதி இல்லை.

என் தங்கை என்னிடம் பேசிப் பதினான்கு மாதம் ஆகிறது. கடைசியாகப் பேசியபோது அவள் சொன்னது இது: "இனிமே என்னைப் பத்தி ஒரு வரி எழுதினாலும், உனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்லவே இல்லன்னு நெனச்சுக்க." நான் சரியென்று தலையாட்டினேன். அந்த ஒரு வரிக்கு மேல் இப்போதே நாலைந்து வரி ஆகிவிட்டது. எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அவள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர். இந்தப் பக்கம் என் பேஷன் ஃப்ரூட் கொடி, அந்தப் பக்கம் அவளுடைய பேஷன் ஃப்ரூட் கொடி. இந்த மாதக் கடைசியில் அவள் வேறு ஊருக்குப் போகிறாள். வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையின் இன்னொரு கிளைக்கு, தானே கேட்டு வாங்கிய மாற்றல். அதற்குள் அவள் என்னோடு பேச வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். கதை அதற்கு உதவுமா, இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் கெடுக்குமா என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

("அப்ப எழுதாம இரேன்" என்றார் என் வீட்டுக்காரர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்தப் பழுதுக்கும் அவரிடம் முதல் வைத்தியம் ஒன்றுதான்: மெயினை அணை.)

2

தொடக்கங்கள்.

முதல் வரைவு: "கொடி வைத்த நாளில் மழை பெய்துகொண்டிருந்தது." பொய். அன்று மண்டையைப் பிளக்கிற வெயில். கதை என்றால் மழை பெய்தாக வேண்டும் என்று கை தானாக எழுதிவிட்டது.

இரண்டாவது: "ஒரு சுவரின் இரு பக்கமும் இரண்டு சகோதரிகள்—" வேண்டாம். இப்படித் தொடங்கினால் கடைசியில் சுவர் இடியும், இருவரும் கட்டிக்கொண்டு அழுவார்கள். எங்கள் சுவர் நல்ல சிமெண்ட் சுவர், அவ்வளவு சுலபத்தில் இடியாது.

மூன்றாவது: "கத்தரிக்கோல் அவள் கையில் இருந்தது." இது உண்மை. இதிலிருந்து போகலாம்.

எங்கள் அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தாள். எதைப் பங்கு போட்டாலும் ஒருத்தி வெட்ட வேண்டும், மற்றவள் முதலில் எடுக்க வேண்டும். அழிரப்பர், சோப்பு, தலைநாடா, ஒருமுறை ஒரு குடை.* வெட்டுகிறவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சரிபாதியாக வெட்டுவாள், ஏனென்றால் எடுக்கிறவள் கண்ணை மூடிக்கொண்டு பெரியதைத்தான் எடுப்பாள். ஐம்பதைத் தாண்டியும் எங்களை அந்தப் பழக்கம் விடவில்லை.

பதினாறு மாதத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து நாற்றுப் பண்ணைக்குப் போனோம். பண்ணைக்காரர் ஒரு நீளமான கொடித்துண்டைக் கொடுத்து, "ஏழு கணு இருக்கும்மா, நட்டா புடிச்சுக்கும்" என்றார். ஆளுக்கு ஒன்று வாங்கியிருக்கலாம். "எதுக்கு ரெண்டு? பாதி பாதியா வெட்டிக்கலாம்" என்றது நான்தான். வீட்டுக்கு வந்து அவள் வெட்டினாள். ஏழு கணுவை எப்படிச் சரிபாதியாக வெட்டுவது? நாலு கணு இருந்த துண்டை நான் எடுத்துக்கொண்டேன். மூன்று கணுவோடு அவள் சுவரைச் சுற்றிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். பெரியதை எடுத்தவள் நான் என்பதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

* பாதியாக வெட்டிய குடையில் இருவருமே நனைந்தோம், அம்மாவிடம் இருவருமே வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

3

இப்போது நான் செய்த காரியம். இதைச் சொல்லாமல் கொடியைப் பற்றி மட்டும் பேசுவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

என் தங்கை கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எதிரில் உட்கார்ந்தவரின் மூக்கில் ஒரு கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பாள். ஒரு நாளைக்கு நூறு தடவை. வீட்டிலும் அப்படித்தான். இரண்டு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு எது நல்லா இருக்கு என்று கேட்கமாட்டாள், "இது தெளிவா, அது தெளிவா?" என்பாள்.

ஒரு நாள் சாயங்காலம், என் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, தன் கல்யாண வாழ்க்கை ஏன் முடிந்துபோனது என்று என்னிடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவள் சொன்னது:

[வராது. இந்த முறை வராது.]

நான் அதைக் கதையாக்கினேன். எல்லாவற்றையும் மாற்றினேன் என்று நினைத்தேன். அவளைத் தையல்காரி ஆக்கினேன், குட்டை முடியை நீள முடி ஆக்கினேன், இல்லாத இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. கதையில் அந்தத் தையல்காரி இரண்டு துணியைத் தூக்கிக் காட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிறாள். எந்தத் தையல்காரியும் அப்படிக் கேட்கமாட்டாள். எனக்கு அந்த வரி அவ்வளவு பிடித்திருந்தது. இந்த ஊரில் கண்ணாடி போட்ட பாதிப் பேர் அந்த வரியை அவள் வாயால் கேட்டவர்கள் என்பது, சத்தியமாக, எனக்குத் தோன்றவே இல்லை.

கதை அச்சாகி ஒரு வாரம். மூக்கில் அந்த இரும்புச் சட்டத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், எழுத்துகளைப் படிக்கிறதை நிறுத்திவிட்டு, "அந்தக் கதையில வர்ற தையல்காரி நீங்கதானே? பாவம், இவ்வளவுமா நடந்துச்சு?" என்று கேட்டிருக்கிறாள். கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அன்று மாலை அவள் சுவரோரம் வந்து என்னைக் கூப்பிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பேரை மாத்தின, தொழிலை மாத்தின, முடியைக்கூட மாத்தின. என் வாயை மாத்தணும்னு தோணலயா உனக்கு?"

அதன் பிறகுதான் முதல் பகுதியில் நான் எழுதிய அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

4

கொடிகளுக்கு இந்த விஷயம் தெரியாது. இரண்டும் கிடுகிடுவென்று வளர்ந்தன. ஒரே வாரத்தில் ஒரு கை நீளம். சுருள் சுருளான பற்றுக்கம்பிகள் எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். சுவர் மேல் இரண்டும் பின்னிக்கொண்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோல் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவள் தன் பக்கத்துக் கொடியை என் கொடியிலிருந்து ஒவ்வொரு சுருளாக வெட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பதினைந்து மாதம் வெறும் இலை. பிறகு பூத்தது பாருங்கள், அப்பா! வெள்ளை இதழ், நடுவில் ஊதா விளிம்பு போட்ட மெல்லிய இழைகள், அதற்கு மேலே ஐந்து மகரந்தப் பைகள், அதற்கும் மேலே மூன்று சூல்முடிகள். உச்சி வெயிலில் விரியும், ராத்திரிக்குள் மூடிக்கொள்ளும். ஒரு பூவுக்கு ஒரே ஒரு மதியம்தான் ஆயுள். தினமும் பதினைந்து, இருபது பூ. மறுநாள் காலையில் அத்தனையும் தரையில் கிடக்கும். ஒரு பிஞ்சுகூட இல்லை.

பண்ணைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அது மஞ்ச ரகம்மா. அதோட மகரந்தம் அதுக்கே ஆகாது. வேற கொடியோட மகரந்தம் வேணும். பெரிய கருவண்டு வந்தா அது பார்த்துக்கும், இல்லாட்டி நீங்கதான் பிரஷ்ஷால தடவணும். பக்கத்துல யார்கிட்டயாவது கொடி இருக்கா?"

"தங்கச்சி வீட்ல இருக்கு."

"அப்புறம் என்னம்மா கவலை! கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

கேட்டால் கொடுப்பாளா என்று எனக்கே சந்தேகம். அதனால் கேட்கவில்லை.

காலை ஒன்பதரைக்கு அவள் கடைக்குக் கிளம்புவாள். பன்னிரண்டரைக்கு நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, சுவர் மேல் வயிறு அழுந்தச் சாய்ந்து, மெல்லிய பிரஷ்ஷால் அவள் பூக்களிலிருந்து மஞ்சள் பொடியை வழித்து எடுப்பேன். இந்தப் பக்கம் இறங்கி என் பூக்களின் சூல்முடிகளில் தடவுவேன். தடவிய பூவின் காம்பில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூல். இருபத்திரண்டு நாள் இப்படிச் செய்தேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர் என்னை வாளி மேல் பார்த்துவிட்டார்.

"எழுத்துலயும் அவகிட்ட இருந்துதான் எடுத்த, இப்ப பூவுலயுமா?"

"மெதுவா பேசுங்க."

"யாருக்குக் கேக்கப் போகுது? அவ கடையில இருக்கா. உனக்குத்தான் குறுகுறுன்னு இருக்கு."

5

இந்த இடத்தில் எனக்குத் தங்கையின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நிஜத் தங்கை மேல் இல்லை, எழுத்தில் வருகிறவள் மேல்.

முந்தைய வரைவில் அவளை இப்படி எழுதியிருந்தேன்: "சன்னலோரம் நின்று அவள் என் வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள், கண்களில்—" வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இது யாரு?" என்றார்.

"அவதான்."

"இது அவ இல்ல. நீ ஆசைப்படுற தங்கச்சி இது. அவ சன்னலோரம் நின்னா கொசுவலை கிழிஞ்சிருக்கான்னு பார்ப்பா."

அடித்துவிட்டேன். மறுபடி எழுதினேன், இந்த முறை கல்நெஞ்சக்காரியாக வந்தாள். அதையும் அடித்தேன். முதலில் எழுதியதில் என் ஆசை இருந்தது, அடுத்ததில் என் பயம். பதினான்கு மாதமாகப் பேசாதவளை எப்படி எழுதுவது? அவள் பேச்சை எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, அதைத்தான் அவள் தடுத்திருக்கிறாள். ஆகவே வாசகரே, இதுவரை நீங்கள் பார்த்த தங்கை முக்கால்வாசி என் கணக்கு. இனி வருவதில் நான் கண்ணால் பார்த்ததை மட்டும் வைக்கப் பார்க்கிறேன்.

6

கண்ணால் பார்த்தது இது.

இருபத்து மூன்றாம் நாள், வாளி மேல் ஏறிச் சாய்ந்தேன். முன்வரிசைப் பூக்கள் தீர்ந்திருந்ததால் இலையை விலக்கி உள்ளே கையை விட்டேன். வாடியும் இன்னும் உதிராத ஒரு பூவின் காம்பில் ஏதோ கட்டியிருந்தது. நூல் இல்லை. விரலகலத் துணித்துண்டு, வெளிர் நீலம், ஓரம் ரம்பப்பல் போல வெட்டியது. கண்ணாடி வாங்கினால் உறைக்குள் மடித்து வைத்துக் கொடுப்பார்களே, துடைக்கிற துணி, அது. பக்கத்துக் காம்பிலும் ஒன்று. குனிந்து பார்த்தால் தரையில் உதிர்ந்த பூக்களுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு நீலத் துண்டுகள் வெளுத்துப்போய்க் கிடந்தன.

நான் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தேன். சுவர் விளிம்பு விலாவில் குத்தியது, இறங்கத் தோன்றவில்லை.

அவளும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். என் கொடியிலிருந்து. எப்போது? மாலை ஐந்தரைக்கு அவள் வீடு திரும்புவாள், பூ அப்போதும் விரிந்துதான் இருக்கும். ஐந்திலிருந்து ஏழு வரை நான் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிற நேரம். முப்பது வருடப் பழக்கம், அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நான் அவளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு சுவர் தள்ளி, அவள் என் தோட்டத்துக்குள் கையை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்படியென்றால் என் சிவப்பு நூல்களை அவள் பார்த்திருப்பாள்.

பார்த்திருப்பாளா?

பண்ணைக்காரருக்கு மறுபடி போன் போட்டேன்.

"ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போடுறோம். ஒன்னுகூடப் பிடிக்கல."

"தங்கச்சி கொடி எங்கம்மா வாங்கினது?"

"உங்ககிட்டதான். அன்னிக்கு நீங்க குடுத்ததையே பாதியா வெட்டினோம்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "ஏம்மா... ஒரே துண்டையா? அப்ப ரெண்டு கொடி எங்கம்மா இருக்கு? சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே கொடிதான். ஆயுசு முழுக்கத் தடவினாலும் காய்க்காது."

(இந்த இடத்தில் ஒரு உவமை வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிறது. உள்ளே விடமாட்டேன். விட்டால் கதை அழகாக முடிந்துவிடும். அவள் தத்துவம் கேட்டால் கொட்டாவி விடுகிறவள். நீங்களும் தயவுசெய்து கதவைத் திறக்காதீர்கள்.)

7

மறுநாள் நேரே பண்ணைக்குப் போனேன். பண்ணைக்காரர் தன்னிடம் இருந்த வேறு ஒரு கொடியிலிருந்து, அன்று மதியம் விரிந்த பூ ஐந்தைப் பறித்து டிபன் டப்பாவில் வைத்துக் கொடுத்தார். "சாயங்காலத்துக்குள்ள போட்டுடுங்க. தண்ணி படக்கூடாது, பட்டா பொடி கெட்டுடும்." பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் உயிர் போய் வந்தது.

ஒரு சீட்டு எழுதிச் சுவரில் வைக்கலாம் என்று நினைத்தேன். எழுதினவை:

"சின்னவளே, நம்ம ரெண்டு கொடியும்—"

"நான் உன்கிட்ட மன்னிப்பு—"

"அன்புள்ள—" (அன்புள்ளவாம்! வங்கிக்கா எழுதுகிறேன்?)

ஏழு சீட்டு கிழித்தேன். ஒவ்வொன்றும் மூன்றாவது வரியில் கதையாகிவிட்டது. கடைசியில் எழுதுவதை விட்டேன். டப்பா மூடியில் மூன்று பூ, டப்பாவில் இரண்டு பூ. ஐந்தை வேறெப்படி வெட்டுவது? இரண்டையும் சுவர் மேல் வைத்துவிட்டு, ஐந்து மணிக்கு முன்னறைக்குப் போகாமல், அங்கேயே நின்றேன்.

8

ஐந்தரை. கேட் சத்தம். அவள் கைப்பையை இறக்காமலே பின்பக்கம் வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். நான் அந்த நேரத்தில் அங்கே நிற்கிற வழக்கமில்லையே.

பூக்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் சொற்கள், ஒரு எழுத்தும் மாற்றாமல்:

"எங்க பறிச்ச?"

"பண்ணையில. வேற கொடி. நம்மளது ரெண்டும் ஒன்னாம். ஒன்னுக்கொன்னு ஆகாதாம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நான் கட்டின துணியெல்லாம் வீணா?"

"என் நூலும்தான்."

"பார்த்தேன்."

"எப்ப?"

"மொத நாளே. செவப்பு நூலு. உன் தையல் டப்பாவுல அந்த ஒரு கலர்தானே மிச்சம் இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "எடுத்துக்க" என்றேன். "நான் வெட்டிட்டேன்."

அவள் கையை நீட்டி இரண்டு பூ இருந்த டப்பாவை எடுத்தாள். எங்கள் ஆயுளில் முதன்முறையாக அவள் சின்னதை எடுத்தாள். அது மன்னிப்பா, உன்னிடம் பெரியது எதுவும் எனக்கு வேண்டாம் என்பதா? ஒன்பது நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி நாலடி போனவள் நின்றாள்.

"இதையும் எழுதுவியா?"

"இல்ல" என்றேன்.

உள்ளே மேசையில் ஆறு பகுதிகள் எழுதி முடித்து, ஏழு என்று எண்ணும் போட்டு வைத்திருந்தேன்.

9

என் பக்கம் தடவியதில் எல்லாம் உதிர்ந்து ஒன்று பிடித்திருக்கிறது. இப்போது எலுமிச்சையில் பாதி அளவு, பச்சை. பழுத்து விழ இன்னும் இரண்டு மாதம் ஆகும். அவள் கிளம்ப இன்னும் ஆறு நாள்.

அவள் பக்கம் பிடித்ததா? தெரியாது. வாளி அங்கேயே கவிழ்ந்து கிடக்கிறது. ஏறினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும், உங்களுக்கும் சொல்லிவிடலாம். ஏறமாட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது அவளுடையது என்பது எனக்கு இப்போதுதான், இந்த வயதில்தான், உறைக்கிறது. அதனால் இந்தக் கதைக்கு அந்தப் பக்கத்து முடிவு கிடையாது.

இந்தப் பக்கத்தில் ஒரு காரியம் மிச்சம் இருக்கிறது. அவளிடம் இல்லையென்று சொன்னேனே, அது பொய். அந்தப் பொய்யோடு அவளை பஸ் ஏற்றிவிட என்னால் முடியாது. அதனால் இந்தத் தாள்களை, இந்த ஒன்பதாம் பகுதியையும் சேர்த்து, இன்று மாலை சுவர் மேல் வைக்கப் போகிறேன். அவள் எடுத்துக்கொண்டு போனால் கதை அவளுடையது. அடுப்பில் போடலாம், பெட்டியில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போகலாம். ஏழு மணிக்கு நான் திரும்பி வரும்போது சுவர் மேலேயே இருந்தால், பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று அர்த்தம். கதை கேட்டுப் பத்திரிகை ஆசிரியர் காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டார், நான் எடுக்கவில்லை.

"நகல் எடுத்து வெச்சிருக்கியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"இல்ல" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்புளியைத் தேடப் போய்விட்டார். நான் "இல்ல" என்று சொல்கிற விதம் அவருக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

மணி ஐந்து இருபது. காற்றடிக்கிறது, தாள்கள் பறக்காமல் இருக்க மேலே ஒரு தொட்டியை வைக்க வேண்டும். கேட் சத்தம் இப்போதே கேட்டதுபோல—

இல்லை. இன்னும் இல்லை.

எப்படியோ இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஆக, இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். அவள் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தாள்களைச் சுவர் மேலேயே வைத்துவிட்டுப் போனாள். அல்லது அவள் எடுத்துக்கொண்டு போனாள், நான் மறுபடியும்

நான் வெட்டிவிட்டேன். நீங்கள் எடுங்கள்.